இளையோர் காதல் நாவலாசிரியர் ஆவது எப்படி: முதல் வரைவிலிருந்து பத்தாவது புத்தகம் வரை

துப்பறியும் கதை எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. இருபது வயதில் பிடித்துப்போன வாசகர் அறுபது வயதிலும் அவர் புத்தகத்தைத் தேடி வருவார். இளையோர் காதல் நாவல் எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. பதினான்கு வயதில் வந்து விழுந்து விழுந்து படிக்கும் வாசகி, பத்தொன்பதில் பெரும்பாலும் வேறு அலமாரிக்குப் போய்விடுவாள். அவள் இடத்தில் புதிதாக ஒரு பதினான்கு வயதுக்காரி வந்து நிற்பாள். எழுதுபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வயது ஏறும், வாசகருக்கு ஏறாது.

இந்தத் தொழிலில் எடுக்கும் முடிவுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும். எந்தக் குரலில் எழுதுவது, ஒப்பந்தத்தில் எதற்காகச் சண்டை போடுவது, பழைய புத்தகங்களை என்ன செய்வது என எல்லாவற்றிலும் இது தலைகாட்டும்.

படி 1: யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

பதிப்புலகம் இளையோர் நூல் என்று சொல்வது பொதுவாக 12 முதல் 18 வயது வரையிலான வாசகர்களுக்கானது. கதாநாயகிக்கோ நாயகனுக்கோ பெரும்பாலும் 15 முதல் 18 வயது இருக்கும். பிள்ளைகள் தங்களைவிடச் சில வயது மூத்தவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். பன்னிரண்டு வயதுக்காரருக்குப் பதினாறு வயதுக் கதை பிடிக்கும். பதினாறு வயதுக்காரரிடம் பதின்மூன்று வயதுக் கதையைக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்.

வாங்குபவர்கள் எல்லாரும் பதின்ம வயதினர் இல்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் நூல் சந்தைத் தகவல்களைத் திரட்டும் பவுக்கர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியான நூல்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று தெரியவந்தது. இதைப் பார்த்துவிட்டுச் சிலர் பெரியவர்களுக்காகவே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் புத்தகம் கெட்டுப்போகிறது. பெரியவர்கள் இந்த நாவலைத் தேடி வருவதே அதில் பதினாறு வயது கலப்படமில்லாமல் கிடைக்கிறது என்பதற்காகத்தான்.

பதின்ம வயதைப் பற்றிய நாவல் வேறு, பதின்ம வயதினருக்கான நாவல் வேறு. வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. “அந்தக் கோடையில் எனக்கு எதுவும் புரியவில்லை, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது” என்று கதைசொல்லி பேசினால் அது பெரியவர்களுக்கான நாவல். இளையோர் நாவலில் யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. நடப்பது இப்போது நடக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை. தன்மைக் கூற்றும் நிகழ்காலமும் இந்த வகையில் இவ்வளவு புழங்குவது அதனால்தான். அதைக் கட்டாயமாக நினைக்க வேண்டாம், ஆனால் எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் அதிலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்றையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். பாத்திரங்கள் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களை வைத்து வெளிப்படையான பாலியல் காட்சி எழுதக் கூடாது. வெளியீட்டுத் தளங்களின் விதியும் பல நாடுகளின் சட்டமும் அதை ஏற்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும், கதைக்கும் அது தேவையில்லை. இந்த வயதில் கை பட்டாலே இரண்டு பக்கம் எழுதலாம். கல்லூரிக் காலமும் உடலும் வேலையும் சேர்ந்த கதை எழுத ஆசையென்றால் ‘நியூ அடல்ட்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே போகலாம்.

படி 2: சமீபத்திய நூல்களைப் படியுங்கள்

நீங்கள் பதினாறு வயதில் படித்தவை இன்றைய சந்தைக்கு வழிகாட்டாது. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வந்தவற்றில் பத்துப் பதினைந்தை எடுங்கள். ஒவ்வொன்றிலும் இருவரும் முதலில் சந்திக்கும் பக்கம், முதன்முதலாக நெருங்கும் பக்கம், எல்லாம் உடையும் பக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நாலைந்து புத்தகம் முடிந்ததும் வேகம் பிடிபட்டுவிடும்.

படி 3: பேசினால் தீராத தடையைக் கண்டுபிடியுங்கள்

காதல் நாவலில் இருவரும் சேர்வார்கள் என்று வாசகருக்கு அட்டையைப் பார்த்தபோதே தெரியும். அப்படியிருந்தும் படிக்கிறார் என்றால், எப்படிச் சேர்வார்கள் என்பதற்காக. ஆகவே தடைதான் கதை.

ஆரம்பத்தில் எழுதுபவர்கள் கைக்கு எட்டியது என்று எடுப்பது தவறான புரிதலை. அவள் யாருடனோ சிரித்துப் பேசுவதை அவன் பார்க்கிறான், நூறு பக்கம் பேசாமல் இருக்கிறான், கடைசியில் அது அவள் அண்ணன் என்று தெரிகிறது. ஒரே ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டியதை இழுத்தால் வாசகர் கடுப்பாவார்.

இதற்கு மாறாக, ஒரே பள்ளியில் விவாத அணியில் இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். முழுச் செலவையும் ஏற்கும் கல்வி உதவித்தொகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவள் ஜெயித்தால் அவன் படிப்பு நிற்கும். அவன் ஜெயித்தால் அவள் அம்மா இன்னொரு வேலை பார்க்க வேண்டும். போட்டிக்குத் தயாராக இருவரையும் ஒரே அணியில் போடுகிறார் ஆசிரியர். இவர்கள் எவ்வளவு மனம்விட்டுப் பேசினாலும் தடை அப்படியே இருக்கும். பேசப் பேச இன்னும் மோசமாகும், ஏனென்றால் மற்றவரின் தேவை எவ்வளவு நியாயம் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

எதிரிகள் காதலர்களாவது, காதலர்களாக நடிக்கப்போய் நிஜமாவது, சின்ன வயதுத் தோழமை மாறுவது, ஒருவரை இருவர் விரும்புவது போன்றவற்றை இந்த உலகில் ‘ட்ரோப்’ என்பார்கள். பழகிப்போன அச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்; வாசகர்கள் அதைப் பெயர் சொல்லியே தேடுகிறார்கள். ட்ரோப்பை எடுத்துக்கொண்டு, இந்த இருவருக்கு மட்டுமே நடக்கக்கூடிய விஷயத்தை அதற்குள் வைக்க வேண்டும்.

காதலைத் தவிர இழக்க வேறொன்றும் இருவரிடமும் இருக்கட்டும். நட்பு, குடும்பம், படிப்பு, விளையாட்டு, எதுவானாலும் சரி. காதலை எடுத்துவிட்டாலும் மிச்சமுள்ள வாழ்க்கையில் ஒரு கதை நிற்க வேண்டும்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான காதல் நாவலில் ‘கடைசிவரை சந்தோஷமாக வாழ்ந்தார்கள்’ என்பது ஏறக்குறைய எழுதாத சட்டம். பதினேழு வயதுக்காரர்களுக்கு அதைக் கொடுத்தால் வாசகரே நம்ப மாட்டார். ‘இப்போதைக்குச் சந்தோஷம்’ போதும். நாளை வேறு ஊருக்குப் போகலாம், பிரியலாம், இன்று சேர்ந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வகையின் மிக நேர்மையான அம்சம் இதுதான்.

படி 4: முதல் வரைவை முடியுங்கள்

சமகாலக் கதைக்களம் கொண்ட இளையோர் நாவல் ஆங்கிலத்தில் 50,000 முதல் 80,000 சொற்கள் வரை இருக்கும். தமிழில் பல இடங்களில் ஒரு சொல்லே இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களின் வேலையைச் செய்வதால் அதே கதை குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு 500 சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 60,000 சொற்களுக்கு 24 வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடிய வேகம்தான்.

வரைவில் அதிகம் சறுக்கும் இடம் உணர்ச்சி. இப்படி ஒரு பத்தி எல்லாருடைய முதல் வரைவிலும் வரும்:

“அவனிடமிருந்து பதில் வருமா என்று தவித்தேன். என் இதயம் படபடவென்று அடித்தது. உலகமே நின்றுவிட்டதுபோல் இருந்தது.”

இதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் யாருடைய தவிப்பு என்று தெரியவில்லை. எந்தப் பெண்ணின் வாயிலும் இந்த வரிகளைப் போடலாம். மாற்றிப் பார்ப்போம்:

“‘டைப்பிங்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கணக்கு நோட்டை எடுத்து, ஏற்கெனவே போட்டு முடித்த கணக்கை முதலிலிருந்து போட்டேன். விடை வேறு வந்தது.”

இதயம், தவிப்பு, உலகம் எதுவும் இல்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று முன்பே காட்டியிருந்தால், கடைசி மூன்று சொற்களே அவள் நிலையைச் சொல்லிவிடும். செயலியின் பெயர் இல்லாததையும் கவனியுங்கள். எழுதி முடித்துப் பதிப்பகம் வழியாகக் கடைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும். அதற்குள் அந்தச் செயலியைப் பிள்ளைகள் கைவிட்டிருக்கலாம். பதிலுக்குக் காத்திருப்பது மட்டும் எந்தச் செயலி வந்தாலும் போகாது.

பேச்சுவழக்குக்கும் இதே கதைதான். இந்த மாதம் பள்ளியில் புழங்கும் புதுச் சொல்லை நாவலில் வைத்தால், புத்தகம் வரும்போது அது பெரியவர் ஒருவர் இளமையாகக் காட்டிக்கொள்ள முயல்வதுபோல் இருக்கும். சொல்லைத் துரத்த வேண்டாம்; பேச்சின் ஓட்டத்தைப் பிடியுங்கள். பாதியில் விட்ட வாக்கியம், கேட்ட கேள்விக்கு வேறு பதில், கிண்டலுக்குள் ஒளிந்த அக்கறை. இவற்றுக்கு வயதாகாது.

படி 5: திருத்துங்கள், பிறகு படிக்கக் கொடுங்கள்

வரைவைச் சில வாரம் மூடி வையுங்கள். திறக்கும்போது முதலில் அமைப்பைப் பாருங்கள்; எழுத்துப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீக்கப்போகிற அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை. உரையாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். பெயரை மறைத்தாலும் யார் பேசுவது என்று தெரிய வேண்டும்.

வெளியாகும் முன் படித்துக் கருத்துச் சொல்லும் ‘பீட்டா ரீடர்’களில் அந்த வயதுப் பிள்ளைகள் சிலராவது இருக்கட்டும், வீட்டாருக்குத் தெரிந்தே. “நல்லாயிருக்கா?” என்று கேட்டால் மரியாதைக்கு “சூப்பர்” என்பார்கள். “எந்தப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாய்?” என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள். உங்களுக்கு அனுபவமில்லாத ஒரு சமூகத்தையோ உடல்நிலையையோ எழுதியிருந்தால், அதை வாழ்ந்த ஒருவரிடம் பணம் கொடுத்தே படிக்கச் சொல்லலாம். இந்த வேலை செய்பவர்களை ‘சென்சிடிவிட்டி ரீடர்’ என்கிறார்கள்.

படி 6: வெளியிடும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

பதிப்பகம் ஒரு வழி. ஆங்கிலச் சந்தையில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசுபவர்) மூலமாக வரும் கைப்பிரதியைத்தான் பார்க்கும். ஏஜென்டுக்கு ஒரு பக்கத்தில் அறிமுகக் கடிதமும் கதைச்சுருக்கமும் முதல் சில பக்கங்களும் அனுப்ப வேண்டும். புனைவு என்றால் நாவல் முழுதாக முடிந்திருப்பது அவசியம். ஏஜென்ட் வழக்கமாக உங்கள் வருமானத்தில் 15 சதவீதமும், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 சதவீதமும் எடுத்துக்கொள்வார். முன்கூட்டிக் கட்டணம் கேட்பவர் நல்ல ஏஜென்ட் இல்லை. ஏஜென்ட் முறை இல்லாத மொழிகளில் பதிப்பகத்துக்கே நேராக அனுப்பலாம். எந்த நாடானாலும் ஒரு சோதனை பொருந்தும்: பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் பணம் கேட்டால் அங்கே விலைக்குப் போவது புத்தகம் இல்லை, நீங்கள்தான்.

சுயபதிப்பு இரண்டாவது வழி. அமேசானின் கேடிபி தளத்தில் மின்னூலுக்கு 35, 70 சதவீதம் என்று இரண்டு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) உண்டு. அமெரிக்கக் கடையில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதத்தைத் தேர்வு செய்யலாம். எடிட்டர், அட்டை ஓவியம், விளம்பரம் எல்லாம் உங்கள் செலவு. அதே தளத்தின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு கடைகளில் விற்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். பெரியவர்களுக்கான காதல் நாவலுக்குச் சுயபதிப்பு அருமையாக ஓடுகிறது. இளையோர் நாவலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: வாசகரிடம் சொந்தமாகக் கிரெடிட் கார்டு இருக்காது. பள்ளி நூலகம், பரிசாகக் கிடைக்கும் காகிதப் புத்தகம், தோழியிடம் கடன் வாங்கிய பிரதி, இந்த வழிகளில்தான் புத்தகம் அவர்களிடம் போகிறது. அங்கெல்லாம் பதிப்பகத்தின் கை நீளம்.

தொடர்கதைத் தளம் மூன்றாவது. 2006-இல் தொடங்கிய வாட்பேடில் பெத் ரீக்கிள்ஸ் தன் 15 வயதில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்ட காதல் கதை, பின்னர் பதிப்பகத்தால் நூலாகி, 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் படமும் ஆனது. இதை நம்பி எல்லாரும் ஓட வேண்டியதில்லை. ஆனால் எந்த அத்தியாயத்தில் வாசகர் கழன்றுகொள்கிறார் என்று நேரடியாகத் தெரிவதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் அரிது. முழு நாவலையும் இலவசமாகப் போட்டபின் சில பதிப்பகங்கள் அதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பணத்தையும் ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படியுங்கள்

அட்வான்ஸ் என்பது ராயல்டியில் முன்கூட்டியே தரும் பங்கு. கையெழுத்திடும்போது, கைப்பிரதியை ஏற்கும்போது, நூல் வெளியாகும்போது எனத் தவணைகளில் வரும். ஒப்பந்தத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். அதனால் பெரிய தொகையாகத் தெரிவதை ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பிரதியின் விலை 100, ராயல்டி 7.5 சதவீதம், அட்வான்ஸ் 30,000 என்று வைப்போம். ஒரு பிரதிக்கு உங்கள் பங்கு 7.5. நான்காயிரம் பிரதி விற்றால் அட்வான்ஸ் கழியும். 4,001-ஆவது பிரதியிலிருந்துதான் புதிதாகக் காசு வரும். அதிலும் ஏஜென்ட் பங்கு போகும்; கடைகள் திருப்பி அனுப்பக்கூடிய பிரதிகளுக்காகப் பதிப்பகம் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கவும் செய்யும். கழியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த நாவலுக்குப் பேசும்போது அந்தக் கணக்கு மேசைமேல் இருக்கும்.

ஒப்பந்தத்தில் சதவீதத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது உரிமை திரும்பும் விதி. ‘நூல் அச்சில் உள்ளவரை’ என்று பொதுவாக எழுதியிருந்தால், மின்னூல் கடையில் கிடக்கும்வரை அது அச்சில் இருப்பதாகவே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை எழுத்தாளருக்கு என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். உங்கள் தொழிலில் வாசகர் கூட்டம் சில ஆண்டுக்கு ஒருமுறை முழுசாக மாறுகிறது. பதிப்பகம் மறந்துபோன நாவலைப் புதிய அட்டையோடு அடுத்த கூட்டத்திடம் கொண்டுபோக உரிமை கையில் இருக்க வேண்டும்.

‘போட்டியான நூல் எழுதக் கூடாது’ என்ற விதி இருந்தால் அதைச் சுருக்கச் சொல்லுங்கள். காதல் நாவலாசிரியருக்கு அடுத்த காதல் நாவலே போட்டி நூலாகிவிடும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு நூலைப் பயன்படுத்துவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். திரை ‘ஆப்ஷன்’ என்பது குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் ஒன்று ஒன்றரை ஆண்டுக்கு, உரிமையைப் பிடித்துவைக்கத் தரும் சிறு தொகை. ஆப்ஷன் ஆனவற்றில் பெரும்பாலானவை படமாவதில்லை. காசை வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த நாவலை எழுதலாம். நீங்களே 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும்.

வேலையை விடலாமா? ஒரு நாவலை நம்பி வேண்டாம். ராயல்டி ஒழுங்காக வரும் பழைய நூல்கள் சில சேரும்வரை பள்ளிப் பேச்சு, பட்டறை, எடிட்டிங், மொழிபெயர்ப்பு என்று பக்கத்தில் ஏதாவது இருக்கட்டும்.

படி 8: இளம் வாசகர்களிடம் எல்லை வைத்துப் பழகுங்கள்

வெளியீட்டு விளம்பரம் பற்றி எங்கும் படிக்கலாம். இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

முதல் நாவல் ஓரளவு ஓடினாலே பிள்ளைகள் எழுத ஆரம்பிப்பார்கள். முதலில் கதாபாத்திரத்தைப் பற்றி, அப்புறம் தங்களைப் பற்றி. காதலைப் பற்றி இவ்வளவு தெரிந்து எழுதியவர் தன்னையும் புரிந்துகொள்வார் என்று பதினைந்து வயதில் தோன்றுவது இயல்புதான். நீங்கள் பெரியவர், அவர் மைனர். தனிச் செய்திப் பெட்டியை மூடிவையுங்கள். பொது இடத்தில் பதில் சொல்லுங்கள், அல்லது உதவியாளரோ பதிப்பகத்தாரோ பார்க்கக்கூடிய மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதுங்கள். தனிப்பட்ட எண்ணைத் தருவது, புகைப்படம் வாங்குவது, தனியாகச் சந்திப்பது வேண்டாம். பள்ளிக்குப் பேசப் போனால் ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

சில கடிதங்கள் கனமாக இருக்கும். வீட்டில் அடி, தன்னைத்தானே காயப்படுத்துவது, ஒருவன் மிரட்டுகிறான் என்று எழுதுவார்கள். அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. பதிலின் வடிவத்தை முன்பே எழுதி வையுங்கள். எழுதியதற்கு நன்றி, உன் மேல் தவறில்லை, நான் ஆலோசகர் இல்லை, நம்பும் பெரியவர் ஒருவரிடம் இன்றே சொல், அந்த நாட்டின் உதவி எண் இது. ஆபத்து உடனடி என்று பட்டால் பதிப்பகத்திடமோ உரிய அமைப்பிடமோ தெரிவியுங்கள். அன்பாக இருக்கலாம், அந்தப் பிள்ளையின் ஒரே துணையாக மட்டும் ஆகிவிடாதீர்கள்.

எதிர்ப்பும் வரும். அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975-இல் வெளியிட்ட இளையோர் காதல் நாவலை அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிப் பல்லாண்டுகள் கோரிக்கை வந்துகொண்டே இருந்தது. புத்தகம் இன்றும் விற்கிறது. கோபத்தில் இணையத்தில் பதில் எழுதுவதைவிட நூலகர்களுக்குத் துணைநிற்பது பயன் தரும்.

படி 9: அடுத்த நாவல், அதற்கடுத்தது

முதல் நாவல் வெளிவரும் நாளில் இரண்டாவதன் வரைவு கையில் இருப்பது நல்லது. மூன்று ஆண்டு இடைவெளி விட்டால், முதல் நாவலை விரும்பியவர் இரண்டாவது வரும்போது வேறு வாசகராகியிருப்பார். ஆண்டுக்கு ஒன்று என்பது பலருக்கும் ஒத்துவரும் வேகம். தொடர் நாவல் என்றால் இடைவெளி இன்னும் குறையலாம்.

பழைய நூல்களை விட்டுவிடாதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜென்னி ஹான் 2009-இல் வெளியிட்ட ஒரு நாவல் 2022-இல் அமேசான் பிரைம் தொடராக வந்தது. தொடரை உருவாக்கியவரும் அவரே. முதல் பதிப்பைப் பதினைந்து வயதில் படித்தவருக்கு அப்போது 28 ஆகியிருக்கும். நாவலைத் தேடிப்போன புதிய பதினைந்து வயதினர் முதல் பதிப்பு வந்தபோது இரண்டு வயதுக் குழந்தைகள். எல்லாருக்கும் தொடர் வாய்க்காது. ஆனாலும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை அட்டையை மாற்றி, பின்னட்டைக் குறிப்பைப் புதிதாக எழுதிப் பழைய நாவலை மறுபடி இறக்கலாம். புது வாசகருக்கு அது புது நாவல்தான்.

நாற்பது வயதில் பதினாறை எழுத, பதினாறு வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்கும் இடத்தில் இருக்க வேண்டும். பள்ளி நூலகத்தில் வாரம் ஒருமுறை உதவலாம், எழுத்துப் பட்டறை நடத்தலாம். அறிவுரை சொல்லப் போகாமல் சும்மா உட்கார்ந்தாலே நிறையக் கிடைக்கும். யார் எதற்கு வெட்கப்படுகிறார்கள், எதை ரகசியமாக வைக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். அது மாறுவது தெரியாமல் எழுதினால், கதாநாயகி கையில் புதுப் போனோடு நீங்கள் படித்த பள்ளியில் நடந்துகொண்டிருப்பாள்.

பெரியவர்களுக்கான காதல் நாவலும் எழுதும் ஆசை வந்தால் தனிப் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயது வாசகர் உங்கள் பெயரைத் தேடும்போது இரண்டும் ஒன்றாக வந்து நிற்கக் கூடாது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதல் ஒப்பந்தத்திலேயே, வேறு பெயரில் வேறு வயதினருக்கு எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.